தோளிலிருந்து சேசிஸுக்கு

அப்பா லாரி ஓட்டும்போது கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்குள் விடமாட்டார். நான்கு விரல்கள் வளையத்தைப் பற்றியிருக்கும். கட்டைவிரல் மட்டும் மேலே மற்ற விரல்களோடு ஒட்டிப் படுத்திருக்கும். முன்சக்கரம் கல்லிலோ குழியிலோ இடறினால் அந்த அடி, சக்கரத்தோடு இணைந்த டிராக் லிங்க் என்ற கம்பி வழியாக ஏறி, ஸ்டியரிங் பெட்டிக்குள் புகுந்து, ஸ்டியரிங்கை ஒரே வெட்டாகத் திருப்பிவிடும். கட்டைவிரல் குறுக்கே இருந்தால் முறிந்துபோகும். ஏழாம் வகுப்பு விடுமுறையில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது கியரும் பிரேக்கும் அல்ல, இந்தக் கட்டைவிரல் பாடம்தான்.

எங்கள் வண்டி 1980-களில் வந்த டாடா 1210. பெயரிலேயே கணக்கு இருக்கிறது. 12 என்பது மொத்த எடை டன்னில்; 10 என்பது குதிரைத்திறன் நூறை ஒட்டியது என்பதற்கு அடையாளம். பாவூர்சத்திரம் சந்தையில் தக்காளியும் சின்ன வெங்காயமும் ஏற்றி, தென்காசி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகக் கொல்லம் போவார். பிசானம் என்னும் நெல் பருவத்தின் அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் வைக்கோல் நடை. எந்தப் பாரமானாலும் புளியரை எஸ் வளைவில் அப்பா இருக்கையில் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பாதி எழுந்து, உடம்பின் மொத்த எடையையும் வலது தோள் வழியாக ஸ்டியரிங் மேல் சாய்த்துத்தான் அந்த வளைவை எடுப்பார்.

2014 ஆனி மாதம், சாரல் தொடங்கியிருந்த நேரம். சந்தைக்குள் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தபோது தோளுக்குள் ஏதோ பொட்டென்று விட்டதாகச் சொன்னார். அன்றிரவு சோற்றுத் தட்டை இடது கையால் வாங்கினார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைநார் கிழிந்திருக்கிறது, இனிமேல் இழுத்துப் பிடிக்கிற வேலை ஆகாது என்றார். வண்டியை விற்றுவிடலாம் என்று அம்மா சொன்னார். அப்பா பதில் சொல்லாமல் என் பட்டறை வாசலில் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் நன்றாக இருந்தது. வண்டியின் மேல் ஒரு பைசா கடன் இல்லை. சம்பளத்துக்கு டிரைவர் வைக்கலாம் என்றால், வந்து பார்த்த இளவட்டங்கள் எல்லோரும் ஸ்டியரிங்கை ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டு, "பவர் ஸ்டியரிங் இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டுத் திரும்பிப் போனார்கள்.

கடையம் சாலையில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவன் நான். பவர் ஸ்டியரிங் ஏற்றிவிடலாம் என்று சொன்னதும் நான்தான்.

பழைய பெட்டிக்குள் நடப்பது எளிமையானது. ஸ்டியரிங் தண்டின் முனையில் ஒரு திருகு. அதன் மேல் ஒரு நட்டுக் கட்டை. இரண்டின் மரைகளுக்கும் நடுவில் பால்ரஸ் குண்டுகள் ஓடிச் சுற்றித் திரும்பவும் தொடங்கிய இடத்துக்கே வருகின்றன. கட்டை முன்னும் பின்னும் நகர்கிறது, அதன் பற்கள் ஒரு குறுக்குத் தண்டைத் திருப்புகின்றன, அந்தத் தண்டின் வெளிமுனையில் டிராப் ஆர்ம் என்ற இரும்புக் கை. டிராப் ஆர்ம் ஊசல்போல முன்னும் பின்னும் ஆட, டிராக் லிங்க் சக்கரத்தைத் திருப்புகிறது. பவர் ஸ்டியரிங் பெட்டியிலும் இவை அத்தனையும் உண்டு. கூடுதலாக அந்த நட்டுக் கட்டையே ஒரு பிஸ்டனாகி, எண்ணெய் நிரம்பிய உருளைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

நடைமுறைக்கு ஏற்ற பவர் ஸ்டியரிங்கை முதலில் வண்டியில் பொருத்தி ஓட்டிக் காட்டியவராகச் சொல்லப்படுபவர் பிரான்சிஸ் டேவிஸ். அமெரிக்காவின் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தில் லாரிப் பிரிவுப் பொறியாளராக இருந்தவர். 1926-இல் ஓட்டிக் காட்டினார். போர்க்காலக் கவச வண்டிகளில் ஏறி, விற்பனைக்கு வந்த காருக்குள் நுழைய 1951 ஆகிவிட்டது. அது கிறைஸ்லரின் இம்பீரியல். காரில் சொகுசுக்கு வந்ததாக நாம் நினைக்கும் பொருள், பாரவண்டியின் கஷ்டத்தை அறிந்த ஒருவரின் கையில் பிறந்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

வாங்கிய பெட்டியை என் மேசையில் பிரித்துப் போட்டபோது நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தது ஒரு சின்னக் கம்பியைத்தான். என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. ஸ்டியரிங் தண்டையும் உள்ளே இருக்கும் திருகையும் இணைப்பது அந்தக் கம்பிதான். டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தரையில் அழுந்தியிருக்கும் சக்கரம் திரும்ப மறுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட கம்பி சில டிகிரி முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கத்தில் கம்பியைச் சுற்றியுள்ள வால்வின் பள்ளங்கள் இடம் விலகி, பம்ப் தள்ளும் எண்ணெய் பிஸ்டனின் ஒரு பக்கம் மட்டும் பாய்கிறது. சக்கரம் திரும்பிக் கைக்கு ஈடு கொடுத்ததும் கம்பி நிமிர்கிறது, வழி மூடுகிறது. எவ்வளவு முறுக்கமோ அவ்வளவு உதவி. இதைவிட அழகான ஒரு பொருளை என் மேசையில் நான் பிரித்ததில்லை.

இனி அதன் பலத்தைப் பாருங்கள். பிஸ்டன் 8 சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர். எண்ணெயின் அழுத்தம் 100 பார், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ. பெருக்கினால் 5,000 கிலோ. ஐந்து டன் தள்ளும் ஒரு பொருள், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் ஓரத்தில் நாலைந்து போல்ட்டில் தொங்குகிறது. சக்கரத்தை அது ஒரு பக்கம் தள்ளும்போது சேசிஸை மறுபக்கம் தள்ளுகிறது. இந்த இரண்டாவது பாதியை நான் அப்போது யோசிக்கவில்லை. அதற்கான விலையைப் பிறகு கொடுத்தேன்.

அந்த மாதம் என் பட்டறையில் கிணற்று மோட்டார் வேலைகள் குவிந்துகிடந்தன. வெளியூரில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டோம். இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தார்கள். பழைய பெட்டியைத் தாங்கிய பிராக்கெட்டையே வைத்து, துளை பொருந்தாத இடத்தில் சேசிஸைக் கேஸ் கட்டிங்கில் ஊதிப் புதிய துளை போட்டு, பிராக்கெட்டின் ஓரத்தைச் சேசிஸோடு வெல்டிங்கும் வைத்திருந்தார்கள். அப்பா ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வேறெதையும் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

பதினொரு வாரம் ஓடியது. ஒரு நாள் அப்பா சொன்னார்: "நான் திருப்பிய பிறகு வண்டி ஒரு நொடி யோசிக்கிறது." எண்ணெய் சரியாக இருந்தது. பெல்ட் இறுக்கமாக இருந்தது. அவரை மேலே உட்கார வைத்து இன்ஜினை ஓடவிட்டு நான் கீழே படுத்தேன். பிராக்கெட்டும் சேசிஸும் சேரும் கோட்டின் மேல் ஆள்காட்டி விரலைக் குறுக்கே வைத்துக்கொண்டு, இடமும் வலமும் திருப்பச் சொன்னேன். டிராப் ஆர்ம் அசைவதற்கு முன்னால் என் விரலுக்குக் கீழே சேசிஸ் மூச்சுவிட்டது. அதற்கு வேறு வார்த்தை தெரியவில்லை. இரும்பு உப்பி அடங்கியது. டீசலில் துணியை நனைத்து அழுக்கைத் துடைத்துப் பார்த்தால், ஊதிப் போட்ட துளையின் விளிம்பில் தொடங்கி, கீழ் மடிப்பை நோக்கித் தலைமுடி போல ஒரு பழுப்புக் கோடு. விரிசலுக்குள் ஈரம் புகுந்து துரு கசிந்த கோடு. ஐந்து விரற்கடை நீளம். அப்பா அந்த வாரம் இரண்டு முறை ஆரியங்காவு இறங்கி வந்திருந்தார்.

இதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. கேஸில் ஊதிய துளையின் விளிம்பு பிசிறு பிசிறாக இருக்கும். சூட்டில் இரும்பின் தன்மையும் மாறியிருக்கும். ஒவ்வொரு பிசிறும் ஒரு விரிசலின் விதை. சேசிஸில் துளை போட டிரில்லைத் தவிர வேறு எதையும் நெருங்க விடாதீர்கள்.

ஆலங்குளத்தில் சேசிஸ் வேலை மட்டும் பார்க்கும் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். வந்தார், பார்த்தார், பிராக்கெட்டைத் தொடவே இல்லை. வேலியோரம் கிடந்த காய்ந்த பனை மட்டை ஒன்றை எடுத்து, அடிப்பக்கத்தைச் சீவி என் கையில் கொடுத்தார். "தம்பி, இதை வளைத்துப் பார்." வளையவில்லை. "இப்போது முறுக்கிப் பார்." ஈரத் துணிபோல முறுக்கிக்கொண்டது. பனை மட்டையும் லாரியின் சேசிஸும் ஒரே வடிவம்தான். ஒரு பக்கம் திறந்த வாய்க்கால். மேலிருந்து வரும் பாரத்தை மலைபோலத் தாங்கும், பக்கவாட்டிலிருந்து வரும் முறுக்கத்துக்கு உடனே இளகும். பெட்டி தொங்குவதோ வாய்க்காலின் வெளிச்சுவரில். அங்கே நின்றுகொண்டு அது கொடுப்பது முழுக்க முறுக்கம்.

பிறகு அப்பாவைப் பார்த்து அவர் சொன்னார்: "உம்ம தோள்தான் வே இத்தனை வருடம் இந்தச் சேசிஸைக் காப்பாற்றியிருக்கிறது."

எவ்வளவு சரியான பேச்சு! அப்பா நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பியதே கிடையாது. முடியாது. வண்டியை ஒரு சாண் உருளவிட்டு, உருளும்போதுதான் திருப்புவார். மனிதத் தோளுக்கு ஓர் எல்லை உண்டு; அந்த எல்லைக்குள்தான் இரும்பும் வாழ்ந்தது. பவர் ஸ்டியரிங் வந்த பிறகு சந்தைக்குள் நின்ற இடத்திலேயே, பாரத்தோடு, ஒரு நாளைக்கு இருபது முறை முழுத் திருப்பம். 9.00-20 டயர் தார்ச்சாலையைத் தேய்த்துக்கொண்டு திரும்பும் ஒவ்வொரு முறையும் பெட்டி தன் முழுப் பலத்தையும் காட்டியது. வேலை குறையவில்லை, இடம் மாறியது. தோள் சுமந்ததைச் சேசிஸ் சுமக்கத் தொடங்கியது. அதைச் சுமக்க யாரும் அதைத் தயார் செய்திருக்கவில்லை.

இரண்டாம் முறை என் பட்டறையிலேயே செய்தோம். ஒன்பது நாள் ஆயிற்று. விரிசலின் நுனியைக் கண்டுபிடித்து அங்கே ஒரு சிறு துளை போட்டார் அண்ணாச்சி. கூர்மையாக ஓடிக்கொண்டிருக்கும் விரிசல் வட்டமான துளையில் வந்து விழுந்தால் மேலே ஓடுவதற்கு முனை இல்லாமல் நின்றுவிடும். பேட்டரியின் வயர்களைக் கழற்றிவிட்டு, விரிசலை கிரைண்டரில் வாய் பிளந்து, சூடாக்கி உலர்த்தி வைத்த ராடால் வெல்டிங் வைத்து, மட்டமாகத் தேய்த்தார். நான் சேசிஸின் உட்புறத்துக்கு 8 மில்லிமீட்டர் தகட்டில் ஒரு துணைச் சுவர் வெட்டினேன், மூன்று சாண் நீளம். அதன் இரு முனைகளையும் நேராக வெட்டாமல் சரிவாக வெட்டச் சொன்னார். நேராக முடிந்தால் விறைப்பு அந்தக் கோட்டோடு சட்டென்று நிற்கும். அடுத்த விரிசல் அங்கேதான் தொடங்கும். சரிவாக முடிந்தால் பாரம் படிப்படியாக இறங்கும். பெட்டியைத் தாங்க வெளிப்புறம் 10 மில்லிமீட்டர் தகடு. துளைகள் எல்லாம் நடுச்சுவரில் மட்டும்; மேல், கீழ் மடிப்புகளில் ஒன்றுகூட இல்லை. வளைவின் சுமையில் பெரும்பகுதி அந்த மடிப்புகளில்தான் ஓடுகிறது.

துளைகளைச் சற்றுச் சிறிதாகப் போட்டு, மூன்று தகடுகளையும் சேர்த்துக் கவ்வி, ரீமர் என்ற துளை சீவும் கருவியால் ஒரே ஓட்டமாகப் பெரிதாக்கினேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ரீமர் சரியாக இறங்கும்போது இரும்பு கீச்சிடாது, மெதுவாகச் சீறும். போல்ட் உள்ளே தொங்கிக்கொண்டு போகக் கூடாது, சிறு சுத்தியலின் தட்டலுக்கு இறங்க வேண்டும். தலையில் 10.9 என்று வலிமைத் தரம் பொறித்த போல்ட்டுகளை மட்டுமே எடுத்தோம். கடைசியாக, இரு பக்கச் சேசிஸையும் பிடித்துக்கொள்ளும்படி பெட்டிக்கு நேராக ஒரு கனமான குழாய்க் குறுக்குச் சட்டம், அதுவும் போல்ட்டில். பனை மட்டையின் திறந்த வாயைக் கட்டியதுபோல. மறுபடியும் கீழே படுத்து விரல் வைத்துப் பார்த்தேன். அசைவு இல்லை.

வேலை அங்கே முடியவில்லை. முதல் பட்டறையில் பெட்டி பழைய இடத்தைவிட இரண்டு அங்குலம் கீழே தொங்கியிருந்தது. வேகத்தடையில் ஏறும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கம் முகத்தைத் திருப்பியதாக அப்பா சொல்லியிருந்தார். ஆக்சிலின் மேல் வண்டியைத் தாங்கும் வில்தகடான பட்டையின் கோளாறு என்று நினைத்துவிட்டோம். காரணம் வேறு. எங்கள் வண்டியில் முன்பட்டையின் முன்கண் சேசிஸில் நிலையாக இருக்கிறது. ஆக்சில் மேலும் கீழும் போகும்போது அந்தப் பக்கத்தை மையமாக வைத்து வில்போல ஒரு கோடு போடும். டிராக் லிங்க், டிராப் ஆர்மின் நுனியை மையமாக வைத்து இன்னொரு வில் போடும். இரண்டு வில்லும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் சக்கரம் நேராக இருக்கும். விலகினால், யாரும் தொடாமலே ஸ்டியரிங் திரும்பும். சோதிப்பது எளிது: ஸ்டியரிங்கைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, முன்சக்கரத்தின் பக்கத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, சேசிஸை ஜாக்கியில் நாலு அங்குலம் தூக்கிப் பாருங்கள். முதலில் எங்கள் சக்கரம் கண்ணுக்குத் தெரியத் திரும்பியது. பெட்டியை மேலேற்றியதும் கோட்டோடு நின்றது.

சில சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டி வாங்கும்போது கடையில் வைத்தே தண்டை இடப்பக்கம் திருப்பி, டிராப் ஆர்ம் எந்தப் பக்கம் போகிறது என்று பழைய பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டிக்குப் பெட்டி திசை மாறலாம், தவறானதை மாட்டினால் வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும். பெட்டியை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பிச் சுற்றுகளை எண்ணி, சரிபாதியில் நிறுத்தி, அந்த நிலையில் சக்கரம் நேராக இருக்குமாறு டிராக் லிங்க் நீளத்தை வையுங்கள். பற்கள் இறுக்கமாகப் பொருந்தியிருப்பது அந்த நடுவில்தான். சக்கரத்தின் தடுப்பு போல்ட், பெட்டி கோடியைத் தொடுவதற்கு முன்பே சக்கரத்தை நிறுத்த வேண்டும்.

எண்ணெய் நிரப்பிக் காற்றை வெளியேற்றுவதற்கு அவசரமே ஆகாது. முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, இன்ஜின் ஓடாமல், கையால் மெதுவாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பதினைந்து, இருபது முறை. அப்பாவே இடது கையால் திருப்பினார். நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு எண்ணெயில் குமிழிகள் வந்தன, பிறகு பொடிக் குமிழிகள், பிறகு ஒன்றிரண்டு, பிறகு இல்லை. இன்ஜினை ஓடவிட்ட பிறகு எண்ணெய் ரோஸ் பால்போல நுரைத்தால் எங்கோ காற்று இழுக்கிறது என்று பொருள். எங்களுக்கு நுரைக்கவில்லை.

வண்டி இலேசாகிவிட்டது. ஆனால் அப்பாவுக்கு ஒரு குறை: "சாலை கையில் தெரியவில்லை." முப்பது ஆண்டுகள் ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கையில் படித்தவர் அவர். எண்ணெய் அந்த அடிகளை விழுங்கிவிடுகிறது. இன்னொன்று, வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பவில்லை. கையால் திருப்பும் வண்டிக்குச் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வைக் குறைவாகவே வைப்பார்கள்; கூடினால் ஸ்டியரிங் கனக்கும். பவர் ஸ்டியரிங்குக்கு அந்தப் பயம் இல்லை. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் வைக்க ஒன்றிரண்டு டிகிரிக்குச் சீவிய ஆப்புத் தகடுகள் இரண்டு செய்தேன். அதன் பிறகு ஸ்டியரிங் அவர் கையை விட்டுத் தானே வீடு திரும்பியது.

மலையிறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து உருளவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. இன்ஜின் நின்றால் பம்ப் நிற்கும், ஸ்டியரிங் ஒரே நொடியில் பழையதைவிடக் கனமாகிவிடும். பவர் ஸ்டியரிங் வண்டியில் அப்படிச் செய்வது தற்கொலை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், அப்பாவிடமும் அழுத்தித்தான் சொன்னேன்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. பதிவு அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொண்டு வேலையில் இறங்குவது நல்லது. தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. நாளில் ஆய்வாளர் கீழே குனிந்து தகட்டையும் போல்ட் தலைகளையும் டார்ச் அடித்துப் பார்த்தார். பார்க்க வேண்டியதைப் பார்க்கிறாரே என்று நிம்மதியாக இருந்தது.

ஒரு மாதம் கொல்லம் போய் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைப் பட்டறைக்குள் ஏற்றினோம். தகட்டைச் சுற்றியும் பழைய விரிசல் இருந்த இடத்திலும் மண்ணெண்ணெய் தடவி ஒரு மணி நேரம் விட்டேன். உலரத் துடைத்துவிட்டு, சுண்ணாம்பைக் கரைத்து மெல்லிய பூச்சாகப் பூசினேன். விரிசல் இருந்தால் உள்ளே நுழைந்த மண்ணெண்ணெய் வெள்ளையின் மேல் ஈரக் கோடாக ஏறிவரும். அப்பா முக்காலியைப் போட்டுச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா கொண்டுவந்த காபி ஆறிப்போனது. சுண்ணாம்பு ஓரத்திலிருந்து உலர்ந்து, போல்ட் தலைகளைச் சுற்றி வெளுத்து, கடைசியில் நடுவிலும் வெளுத்தது. கோடு எதுவும் வரவில்லை. அப்பா இடது கையின் கட்டைவிரலை அந்த வெள்ளையின் மேல் மெதுவாக ஓட்டினார். விரலில் ஒட்டிய பொடியை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நாளைக்குச் சந்தையில் வெங்காயம் எவ்வளவு வருகிறது என்று கேட்டுச் சொல்லச் சொன்னார்.